தக்காளியின் வாசனை எங்கே போயிற்று?

"என்னதான் பண்ணினாலும் ஊர்ல வைக்கிற ரசம் மாதிரி வரமாட்டேங்குதே!" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும். பழி தண்ணீர் மேலோ ரசப்பொடி மேலோ விழும். தக்காளியையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

இனிப்பும் புளிப்பும் நாக்குக்கு; மணம் மூக்குக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் தக்காளியின் ருசி. பழத்திலிருந்து ஆவியாகும் பொருள்கள் 400-க்கும் மேல். அவற்றில் நம் மூக்குக்கு முக்கியமானவை ஏறக்குறைய 30 தான். சிவப்பு நிறமிகள் உடைந்து பழ மணமும், கொழுப்பு அமிலங்கள் உடைந்து பச்சிலை மணமும் உண்டாகின்றன. உடைப்பது என்சைம், அந்த என்சைமை உண்டாக்கச் சொல்வது மரபணு.

தக்காளியின் 12 குரோமோசோம்களில் உள்ள மரபணுத் தொகுப்பு 2012-இல் வெளியாயிற்று. அதில் 5-ஆம் குரோமோசோம் இந்திய விஞ்ஞானிகளின் பங்கு என்பது நமக்குப் பெருமை.

சரி, வாசனை எப்படிப் போயிற்று? விவசாயிக்குக் காசு எடைக்குத்தான், மணத்துக்கு இல்லை. ஆகவே பெரிய பழம், தோல் கெட்டியான பழம், லாரியில் நசுங்காத பழம் என்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். காம்புப் பக்கம் பச்சை இல்லாமல் ஒரே சீராகச் சிவக்கும் பழமும் அப்படி வந்ததுதான். அந்தப் பச்சையோடு, பழத்திலேயே சர்க்கரை தயாரிக்க உதவும் ஒரு மரபணுவின் வேலையும் கெட்டது என்று 2012-இல் தெரிந்தது. 2017-இல் 398 ரகங்களை ஆராய்ந்தபோது, ருசிக்கு உதவும் 13 பொருள்கள் புதிய ரகங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கவனிக்காமல் விட்டதால் கைநழுவிப் போனது.

போனது திரும்புமா? காட்டுத் தக்காளியில் பரவலாக இருந்து, பழைய நாட்டு ரகங்களில் அரிதாகிப்போன ஒரு மண மரபணு வடிவம் 2019-இல் அடையாளம் காணப்பட்டது. 2024-இல் சீன விஞ்ஞானிகள் இரண்டு மரபணுக்களைத் திருத்தி, பழம் சிறுக்காமலே சர்க்கரையை 30 சதவீதம் வரை கூட்டிக் காட்டினார்கள். விதையாக நம் சந்தைக்கு வர நாளாகலாம்.

அதுவரை நம் கையில் உள்ளது ஒன்று. பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் இருந்தால் மண மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெளியே எடுத்து வைத்தாலும் முழுசாக விழிப்பதில்லை என்பது 2016-இல் நிரூபணமானது. இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் கூடையில் வையுங்கள். ரசம் நன்றாயிருக்கும்!