வழிகாட்டும் கருவியும் வழியறியும் மூளையும்

காவிரிச் சமவெளி கடலைத் தொடும் கிழக்கோரத்தில், நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்து இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் அங்கமாக விளங்கும் காரைக்காலில், பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய மீனவக் கிராமங்களின் முதியவர்கள் கடலை அறிந்துவைத்திருந்த முறையை ஒரு சாஸ்திரமென்றே சொல்லவேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைத்து, நீரோட்டத்தின் போக்கையும் தண்ணீரின் நிறத்தையும் கவனித்து, பகலில் கரையின் அடையாளங்களையும் இரவில் நட்சத்திரங்களையும் துணைகொண்டு, ஏட்டில் எழுதாத அந்த வரைபடத்தை அவர்கள் மனத்திலேயே வரைந்துகொண்டார்கள்.

இன்றைய விசைப்படகிலோ ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது; மீன்பாடு நன்றாக இருந்த இடத்தை ஒருமுறை பதிந்துவிட்டால், மறுமுறை அதே இடத்துக்கு அது வழிகாட்டுகிறது. கடல்நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும் அதில் வாழும் நுண்தாவரங்களின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளந்து அனுப்ப, அவற்றைக் கொண்டு மீன் கூடக்கூடிய பகுதிகளை ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. டீசலும் நேரமும் மிச்சமாகின்றன. இலங்கைக் கடல் எல்லை எங்கே என்பதும் தெரிகிறது. இவற்றை வேண்டாமென்று சொல்பவர் கடலுக்குப் போகாதவராகத்தான் இருக்கவேண்டும். ஆயினும், மனிதன் தானே செய்துவந்த ஒரு மனோவேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும்போது அவனுடைய மூளைக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. அதற்குச் சென்ற கால் நூற்றாண்டில் விஞ்ஞானம் ஓரளவு விடை கண்டிருக்கிறது.

லண்டன் மாநகரில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெற விரும்புகிறவர் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்கான பரீட்சைக்கு மூன்று நான்கு வருஷங்கள் அலைந்து பயில்வது சகஜம். அவ்வூரின் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த எலினார் மகுவயரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில், இந்த ஓட்டுநர்களுடைய மூளையில் இடஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பின்பாகம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாயிருப்பதைக் கண்டார்கள். பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வருகிறார்களோ என்ற நியாயமான சந்தேகம் எழுந்தபடியால், பயிற்சியைத் தொடங்கிய 79 பேரைப் பிற்பாடு அவர்கள் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் எல்லோருடைய மூளையும் ஒன்றுபோலவே இருந்தது. தேறிய 39 பேரிடத்தில் மட்டும் அந்தப் பாகம் வளர்ந்திருந்தது. பிரயாசை மூளையின் உருவத்தையே மாற்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் அரிது.

இதன் மறுபக்கத்தைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஜி.பி.எஸ்-ஸை அதிகமாக நம்பி வாகனம் ஓட்டியவர்கள், கருவியில்லாமல் வழிகாண நேர்ந்தபோது இடஞாபகத்தில் பின்தங்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, கூடுதலாகப் பயன்படுத்தியவர்களிடம் அந்தச் சரிவும் கூடுதலாக இருந்தது. மறுசோதனைக்கு வந்தவர்கள் 13 பேரே என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாதெனினும், லண்டன் ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்க்கையில் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

வழியறிவுக்குப் பொருந்துவது கல்விக்கும் பொருந்துமா? கற்பதற்கு முதல் சாதனம் கவனம். ஒரு சமயத்தில் நம் மனம் ஏந்தக்கூடிய விஷயங்கள் மிகச் சிலவே. அந்தச் சிறிய இடத்தில் எது நுழையலாம், எது நுழையலாகாது என்று தீர்மானிக்கும் சக்திதான் கவனம் என்பது. அமெரிக்காவில் ஏறக்குறைய 800 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், அதை மேஜைமேல் ஓசையின்றிக் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட மனத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் வேறிடங்களில் செய்த சோதனைகளில் இந்த விளைவு எப்போதும் இவ்வளவு பலமாகக் காணப்படவில்லை. எனினும், கைப்பேசியை எடுக்காதே என்று மனத்தைத் தடுத்துக்கொண்டே இருப்பதும் மனத்துக்கு ஒரு வேலைதான் என்ற கருத்து யோசிக்கத் தக்கது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விஷயம் இன்னும் ஆழமாகிறது. கைப்பேசி கவனத்தைக் கலைத்ததென்றால், இது கவனித்துச் செய்யவேண்டிய வேலையையே தானாக முடித்துக் கொடுக்கிறது. துருக்கி தேசத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை இங்கே முக்கியமானது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாட்ஜிபிடி போன்ற உதவி தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுத்து மாணவனையே யோசிக்கவைக்கும்படி ஆசிரியர்களின் துணையோடு திருத்தி அமைத்த உதவி. மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டுமே. பயிற்சியில், இந்த மூன்றாம் பிரிவினரைவிட முதற்பிரிவினர் 48 சதவீதமும் இரண்டாம் பிரிவினர் 127 சதவீதமும் மேலாகச் செய்தார்கள். பிறகு உதவியை விலக்கிவிட்டுப் பரீட்சை வைத்தபோது, முதற்பிரிவினர், எந்த உதவியும் பெறாதவர்களைவிட 17 சதவீதம் தாழ்ந்துபோனார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கோ அத்தகைய நஷ்டம் நேரவில்லை. தாம் குறைவாகக் கற்றோம் என்பதை முதற்பிரிவு மாணவர்கள் உணரவே இல்லை என்பதுதான் இதில் மிகுந்த அபாயகரமான அம்சம். பயிற்சி சுலபமாய் முடிந்ததையே பாடம் விளங்கிவிட்டதற்கு அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

கருவி தொடுவது கல்வியை மட்டுமல்ல; இனி மனித உறவுக்கு வருவோம். காரைக்காலுக்கு வடக்கே, இதே புதுச்சேரிப் பிரதேசத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்ட அத்திட்டத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் வெளியிட்ட அலைகளின் உயர முன்னறிவிப்பை எடுத்து, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலையிலிருந்த, நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு பதறி ஊருக்குத் தொலைபேசியில் பேச, ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுக்க, ஏறக்குறைய 3,600 பேர் கொண்ட அக்கிராமம் கரையைவிட்டு வெளியேறி உயிர்தப்பியது. அதே காலையில் அத்தகைய எச்சரிக்கை எட்டாத காரைக்கால் கரையில் பல நூறு பேர் மாண்டார்கள்.

நல்லவாட்டில் செய்தி வந்தது யந்திரத்தின் வழியாக என்றாலும், அதை அனுப்பியவர் சொந்த ஊரை நினைத்த மனிதர். அதைக் கேட்டது ஊர் முழுவதும், ஒரே சமயத்தில். கேட்டவர்கள் நம்பியது, நெடுநாளாகப் பழகிய குரலை. இன்றைய கைப்பேசியோ ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நால்வருக்கு நான்கு விதமான செய்திகளைத் தருகிறது. ஒருவர் திரையில் மேலும் சில நிமிஷம் தங்குவதே கைப்பேசிச் செயலிகளை நடத்துவோருக்கு வருமானமாதலால், அவரவர் சபலத்துக்கேற்பவே அச்செய்திகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

ஆகவே, ஒரு கருவி நன்மையா தீமையா என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வதில் பிரயோஜனமில்லை. அது எந்த வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது என்று கேட்பதே விவேகம். கடலில் திசை தப்பாமலிருக்கவும், புயலை முன்னறியவும் கருவியை முழுமனத்தோடு நம்பலாம். அங்கே பலன்தான் முக்கியம். பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கோ கணக்கின் விடையினால் யாதொரு பயனுமில்லை; அதைத் தேடிச் செல்லும் சிரமமே அவன் பெறும் கல்வி. முதலில் தானே முயன்று, தவறிய பிறகு குறிப்பு மட்டும் கேட்டு, கடைசியில் கருவியை ஒதுக்கிவைத்து மறுபடி செய்து பார்க்கும்படி வீட்டிலும் வகுப்பிலும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திவிட்டால், செயற்கை நுண்ணறிவு நல்லதோர் உபாத்தியாயராகவே உதவும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தும் பொறுப்பை எந்த யந்திரத்திடமும் ஒப்படைக்க முடியாது. பெற்றோரும் ஆசிரியருமே அதை ஏற்கவேண்டும்.