டிரையர் வாங்கும் முன் தேடுபொறியைப் பாருங்கள்!

'வாழைக்காய் மாவு தயாரித்து ஆன்லைனில் விற்க நினைக்கிறேன். டிரையர் வாங்கக் கடன் வாங்கலாமா?' ஸ்ரீரங்கம் தாலுகா, அந்தநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தோட்டத்துக்கே போய்விட்டேன்.

இரண்டு ஏக்கர் பூவன். போன முறை தார் விலை வெட்டுக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாகப் போனதாம். "மூணு லட்சம் வேணும் சார். வீட்டு நகைய வெச்சா கிடைச்சிடும்" என்றார். மாவு யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "உடம்புக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்களே!"

இதே வார்த்தையை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் குழுவிடம் வாழைத்தண்டு ஊறுகாய் போடச் சொன்னேன். கண்காட்சியில் ருசி பார்த்த அத்தனை பேரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டது என் தவறு. பாதி பாட்டில்கள் காலாவதியாகிக் கொட்டப்பட்டன.

இன்று அப்படிக் குருட்டுத்தனமாக இறங்க வேண்டியதில்லை. எதையும் வாங்குவதற்கு முன் ஜனங்கள் செல்போனில் தேடுகிறார்கள். அவர்கள் தட்டும் சொற்களைத்தான் 'கீவேர்டு' என்கிறோம். கல்லூரியில் படிக்கும் அவர் மகளைக் கூப்பிட்டு, கூகுளில் 'வாழைத்தண்டு' என்று மட்டும் தட்டிவிட்டு நிறுத்தச் சொன்னேன். கீழே யோசனைகள் வரிசையாக இறங்கும். அதைக் கூகுள் கற்பனை செய்யவில்லை. மற்றவர்கள் தேடியதிலிருந்து எடுத்துத் தருகிறது.

அந்தச் சொற்களை மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'நன்மைகள்' என்று தேடுபவர் தெரிந்துகொள்ள வந்தவர். 'செய்வது எப்படி' என்று தேடுபவர் வீட்டிலேயே செய்துகொள்வார். 'விலை', '1 கிலோ', 'எங்கே கிடைக்கும்' என்று தேடுபவர்தான் கையில் காசோடு நிற்பவர். முதல் குவியலின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் முதலீடு செய்கிறார்கள். அமேசான் போன்ற விற்பனைத் தளத்தின் தேடல் பெட்டியிலும் இதையே செய்து பாருங்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வாங்கத்தான் வருகிறார்கள். ஒரே பொருளைப் பல விதமாகத் தட்டுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'வாழை' ஒன்றுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்!

கூகுள் டிரெண்ட்ஸ், கீவேர்டு பிளானர் இரண்டும் இலவசம்தான். ஆனால் அவற்றைப் படிப்பதில் பலர் தவறுகிறார்கள். டிரெண்ட்ஸில் 100 என்றால் நூறு பேர் தேடினார்கள் என்று பொருளல்ல. அந்தக் காலகட்டத்தின் உச்சம் என்றுதான் பொருள். பிளானர், விளம்பரத்துக்குப் பணம் கட்டாதவர்களுக்கு 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான கணக்கைத்தான் காட்டும். அதில் 'போட்டி குறைவு' என்று வந்தால் விற்பவர்கள் குறைவு என்று துள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பவர்கள் குறைவு, அவ்வளவே.

எங்கள் தேடலில் மாவு எங்கே போய் நின்றது தெரியுமா? குழந்தை உணவில். கேரளத்தில் குழந்தைகளுக்கு வாழைக்காய்ப் பொடியில் கூழ் கிண்டித் தருவது பழைய வழக்கம். அதைத் தேடி வாங்கும் இளம் தாய்மார்கள் உண்டு. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான்தான் தடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு, தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் உணவு என்று சொல்லி விளம்பரம் செய்வதை 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தண்டுச் சாற்றிலும் இதே வில்லங்கம். சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு என்று தேடுபவர்கள் ஏராளம். ஆனால் கல்லைக் கரைக்கும் என்று விளம்பரம் போட்டால் 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் பாயும். சர்க்கரை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தேடல் அதிகமாக இருக்கிறது என்பதற்காக எல்லாச் சொல்லும் நமக்கு ஆகாது.

அப்போது அந்தப் பெண்தான், "அப்பா, வாழைத்தண்டுத் திரி விக்கிறாங்களே" என்று போனை நீட்டினாள். விளக்குக்குப் போடும் திரி. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது! தார் வெட்டியபின் வயலில் அழுகும் மரம்தான் மூலப்பொருள். எடை கிடையாது, தபால் செலவு குறைவு, கெட்டுப்போகாது. உணவுப் பொருள் அல்ல என்பதால் உணவு உரிமமும் தேவையில்லை. 'கார்த்திகை தீபம்' என்று டிரெண்ட்ஸில் போட்டால், ஆண்டு முழுக்கத் தரையோடு கிடக்கும் கோடு அந்தச் சமயத்தில் கோபுரமாக எழுகிறது. அதாவது சரக்கும் படங்களும் புரட்டாசியிலேயே தயாராக வேண்டும்.

போட்டியில்லாமல் இல்லை. ஏற்கெனவே பலர் விற்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிக்கச் சொன்னேன். திரி பிரிந்துவிடுகிறது, நீளம் போதவில்லை என்று குறைகள். முறுக்கு நன்றாக விழ, நார் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குத் திருச்சி தாயனூரில், 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நார் பிரிப்பது, மதிப்புக்கூட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு.

நகைக் கடன் யோசனையை அவர் இப்போதைக்கு ஒத்திப்போட்டிருக்கிறார். முப்பது மரத்து நாரைக் கையால் சீவி, நிழலில் காயவைத்திருக்கிறார்கள். கார்த்திகைக்கு முன் ஐம்பது பாக்கெட் போட்டுப் பார்ப்பதாகத் திட்டம். எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கைத் தை மாத இதழில் எழுதுகிறேன்.