தையற்காரர் டேப்பும் வென்டிலேட்டரும்

வென்டிலேட்டர் வைத்தாயிற்று என்றதும் வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். கூடவே ஒரு நிம்மதியும் வரும்: ‘இனி மெஷின் பார்த்துக்கொள்ளும்.’ மெஷின் பார்த்துக்கொள்ளாது. ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி காற்று என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

கடுமையான நிமோனியாவிலோ செப்சிஸிலோ நீர் கோத்துக் கனத்துப்போன நுரையீரலில் காற்று புகும் இடம் கொஞ்சம்தான். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேனில் அதைக் கண்டு ‘பேபி லங்’ என்றார். பெரிய ஆளின் மார்புக்குள் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் நுரையீரல்! அதற்குள் பெரிய ஆளின் காற்றை அழுத்தினால், மிஞ்சியிருக்கும் நல்ல பகுதியும் கிழியும்.

இதை நிரூபித்த அமெரிக்க ஆய்வு 2000-ல் வெளியானது. 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 சதவீதம். புது மருந்து ஏதுமில்லை, காற்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், முதல் சில நாட்களில் ரத்த ஆக்சிஜன் நன்றாகத் தெரிந்தது அதிகம் பேர் இறந்த அணியில்தான். ரிப்போர்ட்டைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள்.

கிலோ என்றால் எந்தக் கிலோ? தராசு காட்டுவது அல்ல. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது; அது உயரத்தோடு போவது. 150 செ.மீ. உயரமுள்ள பெண் 75 கிலோ இருந்தாலும், கணக்குக்கு அவர் சுமார் 43 கிலோதான். மூச்சுக்கு 260 மில்லி போதும். தராசை நம்பினால் 450. குத்துமதிப்பாக 500 வைத்தால், அந்த ஆய்வில் தோற்ற 12-ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறோம்.

50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களைப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. இப்படி நுரையீரல் கனத்துப்போனவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல், கிலோவுக்கு 8 மில்லியைத் தாண்டிய காற்றைப் பெற்றிருந்தார்கள். பெண்கள், அதிலும் குள்ளமானவர்கள், அதிகம் மாட்டிக்கொண்டதும் அந்தத் தரவிலேயே தெரிந்தது. நம் அம்மாக்களின் உயரத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மில்லியைவிட அழுத்தமே முக்கியம் என்கிற மருத்துவர்களும் உண்டு. அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. வேறு வழியும் உண்டு: நோயாளியைத் தினமும் 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது உயிர் காப்பதை 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். கொரோனாவில் நாமே பார்த்தோம். ஆனால் அதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும், அனுபவம் வேண்டும். உயரம் அளக்க?

படுத்திருப்பவரை உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளக்கலாம். கால் மடங்கியிருந்தால் முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்புவரை அளந்தால் போதும். அதிலிருந்து உயரத்தைச் சொல்ல அட்டவணை இருக்கிறது. சட்டைக்கு அளவெடுக்கும் தையற்காரருக்கு இதைவிட வேலை அதிகம்.