பொருள் குறையலாம், இதம் குறையலாமா?

தளபாடக் கடைக்காரன் ஒருவன் "தளபாடம் வாங்காதீர்கள்" என்று சொன்னால் சிரிப்பீர்கள். சென்ற மாதம் நான் அதைத்தான் சொன்னேன்.

என் நீண்டகால வாடிக்கையாளரான புடவை வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தார். கட்டாரிலுள்ள மகனின் உழைப்பில் புது வீடு கட்டியிருக்கிறார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை ஓடு, ஹாலில் சோபாவும் இரண்டு கதிரையும் மட்டும். இன்றைய நாகரிகம் அதுதான்.

"நானா, வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனா வாறவங்க தேத்தண்ணி குடிச்ச உடனே எழும்பிடுறாங்க. உம்மா ஹால் பக்கமே வாறதில்ல, ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம். பெரிய செட் ஒண்டு தாங்க" என்றார்.

அன்று வியாபாரம் மந்தம். 3 இலட்சம் ரூபா செட் ஒன்று வாசலிலேயே நின்றது. இருந்தும், "தம்பி, முதல்ல வீட்டைப் பார்ப்போம்" என்றேன்.

இரவில் போய்ப் பார்த்தேன். மூன்று குறைகள் தெரிந்தன.

முதலாவது வெளிச்சம். எல்லாம் 6500 கெல்வின் மின்குமிழ்கள். அந்த நீலம் கலந்த வெள்ளை கடைக்குப் பொருந்தும். இளைப்பாறும் இடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் வெளிச்சமே இதம். மின்குமிழ்ப் பெட்டியிலேயே இது அச்சிடப்பட்டிருக்கும்.

இரண்டாவது எதிரொலி. ஓடும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். தடித்த திரைச்சீலையும் விரிப்பும் அதை உள்வாங்கும்.

மூன்றாவது இருக்கைகள். சுவரோரம் தூரத் தூர இருந்தால் பேச்சு வராது.

வெள்ளை வீடு குளிர்ந்துதான் இருக்க வேண்டுமென்பதில்லை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919-2003) கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை இணைத்து அமைத்த தமது வீட்டிலும் வெள்ளைச் சுவர்களே. சிறு முற்றங்களில் இறங்கும் பகல் வெளிச்சம், செடிகள், பழைய மரத் தூண்கள் என்பவை அதற்கு உயிர் கொடுக்கின்றன.

மின்குமிழ்களை மாற்றினோம். கதிரைகளை நெருக்கினோம். பின்னறையில் கிடந்த உம்மாவின் மரக் கதிரையை யன்னலோரம் வைத்தோம். என்னிடம் அவர் வாங்கியது திரைச்சீலையும் ஒரு பன்பாயும்தான். இலாபம் சொற்பம்.

இரண்டு வாரம் கழித்து மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "உம்மா இப்ப ஹால்லதான் இருக்கிறா" என்றார். மைத்துனர் வீட்டுக்குத் திரைச்சீலை ஓடர் தந்தார்.

அந்த 3 இலட்சம் ரூபா செட் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அன்றே அதை அவர் தலையில் கட்டியிருந்தால், அந்த ஹாலில் அது நிற்கும். உம்மா வந்திருக்க மாட்டார், மைத்துனரும் என் கடைக்கு வந்திருக்க மாட்டார். கேட்டதைக் கொடுக்குமுன் தேவை என்னவென்று கேளுங்கள், வர்த்தக நண்பர்களே.