அவசரம் என்னுடையது, கிழிந்தது மல்லியின் காது!



எங்கள் வீட்டில் குண்டன் என்று ஒரு வெள்ளை முயல். பின்கட்டு முழுக்க அவன் ராஜ்யம்தான். துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, என் செருப்பு என்று ஒன்று பாக்கி இல்லாமல் தாடையைத் தேய்த்து வைப்பான். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் வாசனையைத் தடவி, 'இது என்னுடையது' என்று பட்டா போடுகிறானாம். அப்போது எனக்கு இது தெரியாது.

2023 ஆடி மாதம், பக்கத்துத் தெருவில் வீட்டைக் காலி செய்து போனவர்கள், பழுப்பு நிறப் பெண் முயல் ஒன்றைக் கிளிக்கூண்டோடு மாடிப்படிக்கு அடியிலேயே விட்டுப் போய்விட்டார்கள். கம்பித் தரையிலேயே கிடந்து பின்னங்கால் பாதங்கள் புண்ணாகியிருந்தன. என் மகள் அழுத அழுகையில் தூக்கி வந்து, மல்லி என்று பெயரும் வைத்தோம். 'குண்டனும் தனியாகத்தானே இருக்கிறான், இரண்டும் சேர்ந்து விளையாடட்டும்' என்று வந்த அன்றே அவன் கூண்டில் விட்டேன்.

ஒரே நிமிஷம்தான். மயிர் பறந்தது. மல்லியின் காது நுனி கிழிந்து ரத்தம். பிரிக்கப் போன என் கையிலும் நல்ல கடி!

கால்நடை டாக்டர் கேட்டார்: "உங்க சமையல்கட்டுல முன்பின் தெரியாத பொம்பளையைக் கொண்டு வந்து விட்டா நீங்க சும்மா இருப்பீங்களாம்மா?" எனக்குத் தலை நிமிரவில்லை.

சொறி, காதுப் பூச்சி இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் இரண்டு வாரம் தனி அறை. அதற்குள் குண்டனுக்குக் கருத்தடை அறுவையும் செய்தோம். என்னவர், "இதெல்லாம் தேவையா?" என்று முணுமுணுத்தார். பெண் முயல் சினையானால் ஒரே மாதத்தில் குட்டி போடும், போட்ட அன்றே மறுபடி சினையாகவும் கூடும் என்று டாக்டர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்! அறுவைக்குப் பிறகும் ஆண் முயலால் சில வாரங்கள் குட்டி உண்டாக்க முடியுமாம். ஆகவே ஆறு வாரம் காத்திருந்தோம்.

மல்லியின் பயம்தான் பெரிய பாடாக இருந்தது. ஆள் பார்த்தால் சாப்பிட மாட்டாள். பின்னங்காலால் 'டப்'பென்று தரையில் தட்டிவிட்டு மூலையில் ஒண்டிக்கொள்வாள். நானும் மகளும் கூண்டருகே குனிந்து கொஞ்சிக்கொண்டே இருந்தோம். என் மாமியார்தான், "உத்து உத்துப் பார்த்தா எப்படிடி வெளியே வரும்? எந்திரிங்க" என்று விரட்டினார். தினமும் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரேடியோ கேட்டபடி கீரை ஆய்வார். ஒன்பதாம் நாள், அவர் கீழே போட்ட முருங்கைக் காம்பை மல்லி மெல்ல இழுத்துத் தின்றாள். மேலே இருந்து குனிந்து வரும் கை, முயலுக்குப் பருந்து மாதிரிதானே?

பிறகு இரண்டு கூண்டையும் கடிக்க எட்டாத தூரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒருவர் படுத்த சாக்கை மற்றவருக்கு மாற்றிப் போட்டு, அறுகம்புல்லையும் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைப்போம். முதலில் சாக்கைக் கண்டாலே குண்டன் கிழிப்பான். போகப் போக அதன் மேலேயே படுத்துத் தூங்கினான்.

நேருக்கு நேர் விட்டது எதிர்வீட்டு அக்காவின் காலி அறையில். அது இரண்டுக்குமே புது இடம். முதல் நாள் பத்தே நிமிஷம். குண்டன் துரத்தினான், மேலே ஏறினான். கையை விடாமல் நடுவில் தடித்த துண்டைப் போட்டுப் பிரித்தேன். தினமும் இப்படியே போய், மூன்றாவது வாரம் மல்லி அவன் முன்னால் வந்து தலையைத் தாழ்த்திப் படுத்தாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. அவன் முகர்ந்தான். நெற்றியை நக்க ஆரம்பித்தான். அந்தக் கிழிந்த காதையும் நக்கினான். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கூண்டையெல்லாம் கழுவி, இடம் மாற்றிப் போட்டுத்தான் ஒன்றாக விட்டோம். இப்போது குண்டன் கீரைக்கு ஓடிவந்தால் அவன் பின்னாலேயே மல்லியும் வருகிறாள். நான் தூக்கப் போனால் மட்டும் இன்றும் காலைத் தட்டிவிட்டு ஓட்டம்தான். மாமியார் கையிலிருந்து உரிமையோடு வாங்கித் தின்கிறாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு!

- ஒரு வாசகி, உறையூர்.