திருகாணியை முடுக்கினால் போதுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் புறப்பட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி, உங்கள் மாமனார் காலத்து ஜீப். கோமுகி அணை பின்னால் போய்விட்டது. கல்வராயன் மலையில் முதல் கொண்டை ஊசி வளைவு. உங்கள் கணவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்புகிறார், சட்டென்று திரும்புகிறது!

"என்னங்க இது?" என்கிறீர்கள் பதறிப்போய்.

"பழைய வண்டி இல்லையா? கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ஊருக்குப் போனதும் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டால் சரியாகிவிடும்!"

ஆட்டம் ஆபத்துத்தான். ஆனால் அந்தத் திருகாணி வைத்தியம் சில சமயம் அதைவிட ஆபத்து!

ஜீப்பின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். மஹிந்திரா கம்பெனி 1947ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளின் வம்சம் அது. 50 வயது கடந்து, உரு மாறாமல் இருக்கும் சொந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று 2021இல் வந்த மத்திய அரசு விதிகள் ஏற்கின்றன. மரியாதைக்குரிய கிழவர்தான், மூட்டுவலி மட்டும் உண்டு!

பாட்டி வீட்டில் கைப்பிடியைச் சுற்றிக் காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் திருகுபோலப் பள்ளம் ஓடும் உருளை ஒன்று இருக்கும். ஸ்டியரிங் தண்டின் அடியிலும் அப்படி ஓர் உருளை உண்டு, பெயர் 'காம்'. அதன் பள்ளத்தில் இரண்டு கூம்பு முளைகள் பொருந்தி நிற்கின்றன. உருளை சுழன்றால் முளைகள் நகரும், அவற்றைத் தாங்கும் நெம்புகோல் அசையும், முன்சக்கரங்கள் திரும்பும்.

நடுவில் முளையின் பிடி இறுக்கமாகவும், ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி பள்ளத்தை வெட்டியிருக்கிறார்கள். வண்டி பெரும்பாலும் நேராக ஓடுவதால், தேய்வதும் நடுப்பாகமே. அளவுக்கு மீறித் தேய்ந்தபின் திருகாணியை முடுக்கினால் நடுவில் ஆட்டம் நிற்கும். தேயாத ஓரங்களில் முளை சிக்கிக்கொள்ளும். ஓரம் வரை ஸ்டியரிங் போவது எங்கே? கொண்டை ஊசி வளைவில்தான்!

எனவே பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு முன் கம்பி மூட்டுகள், நடு நெம்புகோலின் முளை, கிங் பின் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

திறந்தபின், முளைகள் தட்டையாகியிருந்தால் நெம்புகோலையே மாற்ற வேண்டும். வெல்டிங் வைத்து நிரப்புவது கூடவே கூடாது. பள்ளத்தில் பொத்தல் விழுந்திருந்தால் காம் புதிதாக வேண்டும். குண்டு பேரிங்குகள், தண்டின் புஷ், ஆயில் சீல் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். மேல் மூடியின் அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துக் காமின் மேல்கீழ் ஆட்டத்தைப் போக்குவார்கள். கடைசியாகத்தான் திருகாணி. அதையும் ஸ்டியரிங் நடு நிலையில் நிற்கும்போதே முடுக்க வேண்டும்.

எண்ணெய் கசிகிறதென்று கிரீஸை அடைப்பவர்கள் உண்டு. கெட்டி கிரீஸ் ஒதுங்கி நின்றுவிடும். முளை வறண்டு ஓடும். கியர் எண்ணெய்தான் உரியது.

வேலை சரியா என்று நீங்களே பார்க்கலாம். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஸ்டியரிங்கைச் சுற்றச் சொல்லுங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. சாலையில், வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேர் நிலைக்கு வர முயல வேண்டும்.

அடுத்த முறை யாராவது, "திருகாணியை முடுக்கிட்டேம்மா, இனிமேல் பயமில்லை!" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"பெட்டியைத் திறந்து பார்த்தீங்களா?"