பந்தலூரைக் குறுக்கே வெட்டும் பதினொன்றரைக் கோடு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணி, 2026 செப்டம்பர் 30-க்குள் நாடு முழுவதும் முடிய வேண்டும். இந்தக் காலத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென 30 நாள்களை ஒதுக்கிக்கொள்கிறது. காகிதத்துக்குப் பதிலாகக் கைப்பேசியில் நடக்கும் முதல் கணக்கெடுப்பு இது. கட்டடங்களின் இருப்பிடம் வரைபடத்தில் புள்ளியாகப் பதிவாகும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

அறிவிப்பு வந்ததிலிருந்து நீலகிரியின் மேற்கு மூலையான பந்தலூர் தாலுகாவிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சேரம்பாடி, எருமாடு, அய்யன்கொல்லி பகுதிக் கல்லூரி மாணவர்கள் எழுதியவைதான் அதிகம். “டிஜிபின் எடுத்து வைத்தால்தான் எங்கள் வீட்டைக் கணக்கில் சேர்ப்பார்களா?” என்கிறது ஒன்று. “பின்கோடு செல்லாது என்கிறார்களே, உண்மையா?” என்கிறது இன்னொன்று. ஒரு விரிவுரையாளரின் கடிதம் வேறு வகை. இந்தப் பருவத்தில் ‘புதிய வரைபடத் தொழில்நுட்பம்’ நடத்த வேண்டுமாம். கையில் உள்ள புத்தகம் நில அளவைத் துறையின் தாள் வரைபடங்களோடும் இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தோடும் நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கணக்கெடுப்பு வேறு, அஞ்சல் துறையின் இடக்குறியீடான டிஜிபின் வேறு. வீட்டுப் பட்டியலுக்கான 33 கேள்விகளில் டிஜிபின் கிடையாது. பின்கோடும் ஒழிக்கப்படவில்லை.

விரிவுரையாளருக்கு என் பதில்: டிஜிபினிலிருந்தே தொடங்குங்கள். அதைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் கணக்கு உங்கள் தாலுகாவின் வழியாகவே போகிறது என்பதுதான் காரணம்.

 

அஞ்சல் துறை, ஹைதராபாத் ஐஐடியுடனும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்துடனும் சேர்ந்து உருவாக்கிய டிஜிபினை 2025 மே 27 அன்று வெளியிட்டது. அறிவிப்புகளில் இதை ‘டிஜிட்டல் முகவரி’ என்கிறார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. முகவரி என்றால் யார் வீடு, எந்தத் தெரு, எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். டிஜிபின் இவற்றில் எதையும் சொல்வதில்லை. தரையில் ஒரு சிறு சதுரத்துக்குக் கொடுத்த பத்தெழுத்துப் பெயர் அது, அவ்வளவுதான். அந்தச் சதுரத்தில் வீடு இருந்தாலும், தேயிலைச் செடி இருந்தாலும், ஓடைத் தண்ணீர் ஓடினாலும் அதே பெயர்தான்.

அந்தப் பெயர் பிறக்கும் விதம்தான் அழகு. இந்தியாவைச் சுற்றி ஒரு பெட்டி வரைகிறார்கள். தெற்கு விளிம்பு 2.5 பாகை, வடக்கு விளிம்பு 38.5. மேற்கே 63.5, கிழக்கே 99.5. இரு பக்கமும் 36 பாகை கொண்ட சதுரம். அதை நான்குக்கு நான்காகப் பிரித்தால் 16 கட்டங்கள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக அவற்றின் பெயர்கள் இவை. முதல் வரிசை: எஃப், சி, 9, 8. இரண்டாவது: ஜே, 3, 2, 7. மூன்றாவது: கே, 4, 5, 6. நான்காவது: எல், எம், பி, டி. நம் இடம் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அது முதல் எழுத்து. அந்தக் கட்டத்தை மறுபடி 16 ஆக்கினால் இரண்டாம் எழுத்து கிடைக்கும். இப்படியே பத்து முறை. ஆறாவது சுற்றில் கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டராகிவிடும். பத்தாவது சுற்றில் நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி பெயர்கள், பதினாறே எழுத்துகளில். பூஜ்ஜியமும் ஒன்றும் ஓவும் ஐயும் பட்டியலில் இல்லாததால், கையால் எழுதினாலும் ஒன்றை மற்றொன்றாகப் படிக்கும் குழப்பம் குறைவு. இணையம்கூட வேண்டாம், பென்சிலும் தாளும் போதும்.

போட்டுப் பார்ப்போம். சேரம்பாடிக்காரர்கள் பொருள் வாங்கப் போகும் சுல்தான் பத்தேரி, 11.66 பாகை வடக்கு, 76.26 பாகை கிழக்கு. 11.66-இலிருந்து 2.5-ஐக் கழித்தால் 9.16. ஒரு கட்டத்தின் உயரம் 9 பாகை. ஆக, ஒரு முழுக் கட்டம் தாண்டி 0.16 மீதி. கீழிருந்து இரண்டாவது வரிசை. 76.26-இலிருந்து 63.5 போனால் 12.76. ஒரு கட்டம் தாண்டி 3.76 மீதி, இடமிருந்து இரண்டாவது. அங்கே இருக்கும் எழுத்து 4. மீதியை வைத்து இன்னும் இரண்டு சுற்றுப் போனால் எம், பி. பத்தேரியின் தொடக்கம் 4-எம்-பி.

இப்போது நீலகிரியின் தேவாலா. 11.47 வடக்கு, 76.38 கிழக்கு. 2.5 போனால் 8.97. ஒன்பதை எட்டவில்லை! கீழ் வரிசையிலேயே நின்றுவிடுகிறது. முதல் எழுத்து எம். அடுத்த இரண்டு: சி, 9. தேவாலாவின் தொடக்கம் எம்-சி-9.

கவனித்தீர்களா? இரண்டரையோடு ஒன்பதைக் கூட்டினால் பதினொன்றரை. டிஜிபினின் மிகப் பெரிய பிரிவினைக் கோடுகளில் ஒன்று 11.5 பாகையில் ஓடுகிறது. அது சென்னையைத் தொடவில்லை, கோவையையும் சேலத்தையும் மதுரையையும் தொடவில்லை. பந்தலூர், கூடலூர் தாலுகாக்களைக் குறுக்கே வெட்டி, கிழக்கே சத்தியமங்கலம் பக்கம் போய், பரங்கிப்பேட்டை அருகே கடலில் இறங்குகிறது.

விளைவு இதுதான். பத்தேரிக்கும் மும்பைக்கும் முதல் எழுத்து ஒன்று, இரண்டும் 4. பத்தேரிக்கும் தேவாலாவுக்கும் முதல் எழுத்தே வேறு. பந்தலூர் தாலுகாவின் வடபாதி, கேரளத்தின் பத்தேரியோடும் கல்பற்றாவோடும் மூன்றெழுத்து உறவு கொள்கிறது. தென்பாதி நிலம்பூரோடு சேர்கிறது. கோட்டின் மேலேயே இருக்கும் ஒரு தோட்டத்தில், வாசலுக்கு ஒரு பெயர், பத்தடி தள்ளிக் கொல்லைப்புறத்துக்கு முதலெழுத்திலிருந்தே வேறு பெயர். பழைய பின்கோட்டில் இப்படி நேராது. ஊட்டியும் குன்னூரும் கூடலூரும் சேரம்பாடியும் 643-இல்தான் தொடங்குகின்றன, ஏனென்றால் அது தபால் பை போகும் பாதையைப் பார்த்து மனிதர்கள் வகுத்தது. டிஜிபின் மலையைப் பார்க்கவில்லை, வகுத்தலை மட்டும் பார்த்தது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கடிதம் கொண்டு சேர்ப்பதில் ஒன்றும் கெடாது. இந்தக் குறியீட்டை வைத்து நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவருக்குத்தான் எச்சரிக்கை. முதல் ஆறு எழுத்துகள் ஒன்றாக இருந்தால் அருகிலிருக்கும் இடம் என்று எடுத்துக்கொள்வது மிகவும் எளிது, மிகவும் இயல்பு. எழுத்துகள் ஒத்துப்போனால் இடங்கள் அருகில்தான் இருக்கும், இது உறுதி. ஒத்துப்போகாவிட்டால் தூரத்தில் இருக்கும் என்பது தவறு. யானை வந்திருக்கிறது என்று, எழுத்து ஒத்துப்போகும் கைப்பேசிகளுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு செயலியை நினைத்துப் பாருங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்குச் செய்தி போகாது. யானை மட்டும் போகும். குறியீட்டை மறுபடி பாகையாக மாற்றி, தூரத்தை அளந்து அனுப்புவதுதான் சரி. நாலைந்து வரி நிரல் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

2024 ஜூலை 30 அதிகாலை மண்ணில் புதைந்த முண்டக்கையும் சூரல்மலையும் இந்தப் பதினொன்றரைக் கோட்டை ஒட்டிய மலைப்பகுதியில்தான் இருக்கின்றன. வயநாட்டில் சரிந்த மலை, சாலியாற்றின் வழியே உடல்களை நிலம்பூருக்குக் கொண்டுபோனது. பேரிடரில் மீட்புக் குழு எதைத் தேடுகிறதோ, அது கோட்டின் இரு பக்கமும் கிடக்கும். அதனால்தான் இந்த ஒரு கணக்கில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

இன்னொரு சிக்கல், நான்கு மீட்டர் என்ற எண்ணிலேயே இருக்கிறது. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுத் திண்ணையில் கைப்பேசியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் சரிவு, முன்னால் சில்வர் ஓக் மரங்கள், மேலே மழை மூட்டம். கைப்பேசி அசையவில்லை. திரையில் கடைசி எழுத்து மாறியது. பிறகு அதற்கு முந்தைய எழுத்தும் மாறியது. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ஒருவர் கொங்காணியைக் கழற்றி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “போன் ஒரே எடத்துலதானே இருக்கு தம்பி, நம்பரு ஏன் ஓடுது? இதுல எங்க வீட்டு நம்பரு எது?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. திறந்த வானத்தின் கீழேயே சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரை தவறும். மரமும் மலைச்சரிவும் மறைத்தால் பிழை இன்னும் கூடும். டிஜிபின் சதுரத்தின் பக்கமோ பன்னிரண்டரை அடி. அந்த லைனில் ஒரு வீட்டின் முகப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். கருவி காட்டும் சதுரம் அந்த அம்மாவின் வீடாகவும் இருக்கலாம், பக்கத்து வீடாகவும் இருக்கலாம், முதுகோடு முதுகு ஒட்டிய பின்வீடாகவும் இருக்கலாம். குறியீடு நுட்பமானது, அளக்கும் கருவி அந்த அளவு நுட்பமானதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘வீட்டு வாசலையே காட்டும்’ என்று விளம்பரம் செய்வது தவறு. நில அளவைத் துறையின் தொடர்ந்து இயங்கும் குறிப்பு நிலையங்களோடு இணைந்த கருவி சென்டிமீட்டர் கணக்கில் இடம் காட்டும். ஆனால் அது அந்த அம்மாவின் கையில் இல்லை.

உயரக் கணக்கிலும் மலைக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியப் புவிசார் கொள்கை, 2030-க்குள் நாடு முழுமைக்கும் உயர வரைபடம் தருவதாகச் சொல்கிறது. சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியம், மலைக்கு 1 முதல் 3 மீட்டர். செலவும் சிரமமும் காரணமாக இருக்கலாம். ஆனால் மண் சரிவது சமவெளியில் அல்ல.

வரைபடக் கோட்டின் மீது அச்சம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் வனத்துறை 42 யானை வழித்தடங்களின் வரைவை ஆங்கிலத்தில் வெளியிட்டு, மே 5-க்குள் கருத்துச் சொல்லச் சொன்னபோது, கூடலூர், பந்தலூர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். யானைக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தன் வீடு கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதை ஒரு குடும்பம் தானே சரிபார்க்க முடியாத வரைபடத்தை வைத்துக் கருத்துக் கேட்பது நியாயமில்லை. சரிபார்க்கத் தெரிந்த இருபது மாணவர்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே, ஆசிரியர்களே, செயலியைத் திறந்து காட்டுவதோடு வகுப்பை முடிக்காதீர்கள். முதல் வகுப்பில் பென்சில் கணக்கு. இரண்டாம் வகுப்பில் ஒரே இடத்தில் பத்துக் கைப்பேசிகளை வைத்து, பத்தும் காட்டும் குறியீடுகளை எழுதி, எவ்வளவு சிதறுகின்றன என்று அளந்து பார்க்கட்டும். இந்த இரண்டும் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

டிஜிபின் இருந்தால் பட்டா கிடைக்குமா? கிடைக்காது. 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்கும் இது உரிமைச் சான்று ஆகாது.

பதிவு செய்ய வேண்டுமா, கட்டணம் உண்டா? இரண்டும் இல்லை.

என் விவரம் வெளியே போகுமா? குறியீட்டில் உங்கள் பெயர் இல்லை. அதை உங்கள் பெயரோடும் கைப்பேசி எண்ணோடும் சேர்த்து வைக்கும் நிறுவனத்திடம்தான் கவனம் தேவை.

மாடி வீட்டுக்கு? எல்லா மாடிக்கும் ஒரே குறியீடுதான்.

ஓர் எழுத்து தவறினால்? கடைசி எழுத்தானால் சில மீட்டர்கள், முதல் எழுத்தானால் ஆயிரம் கிலோமீட்டர். தவறைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எழுத்து கிடையாது.

இலவசமாகக் கற்க? டேராடூனில் உள்ள இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி வகுப்பு நடத்துகிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு இல்லை.

சேரம்பாடிக் கடைவீதி கோட்டுக்கு எந்தப் பக்கம்? அதை நான் சொல்லப்போவதில்லை. தேவாலாவிலிருந்து பந்தலூர் வழியாகச் சேரம்பாடிக்கு வரும் பேருந்தில் ஒரு வகுப்பை ஏற்றுங்கள். எம்-சி-9 மாறி 4-எம்-பி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை வளைவதால் கோட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாண்டலாம், எல்லாவற்றையும் குறியுங்கள். அங்கே இருப்பது கடையா, காடா, யார் வீட்டு வாசலா என்று எழுதி அனுப்புங்கள், கல்லூரியின் பெயரோடு வெளியிடுகிறோம்.